கூடாரத்தின் முதுகு

கூடாரத்துக்குள் விரித்திருந்த பாய்களை வெளியே இழுத்துப்போட்டு வகானா உதறிக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்து மாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். முதல் ஆட்டம் முடிந்த மறுநாள் காலை. நேற்று மேடையில் புரண்டு அழுது கூட்டத்தையே கலங்கடித்த கதாநாயகி இன்று பாய் உதறுவது அந்தக் குழுவில் அதிசயமில்லை. நடிக்கிறவர்களேதான் கம்பம் நடுவார்கள், சீட்டுக் கிழிப்பார்கள், கழிவறைக்கு வழி சொல்வார்கள். அறுபதுகளில் பெரிய அரங்கங்களோடு கோபித்துக்கொண்டு நிலவறைகளுக்கும் கூடாரங்களுக்கும் போனார்களே, அந்த நாடகக்காரர்களின் வம்சம். கோபம் எப்போதோ ஆறிவிட்டது. கூடாரத்தைத்தான் விட முடியவில்லை.

"நேத்து கத்தினது நீங்கதானா?" என்று கேட்டார் பெரியவர்.

வகானா பாயைப் போட்டுவிட்டுக் குனிந்து வணங்கினாள். சத்தம் பற்றிய புகாருக்கு என்ன பதில் சொல்வதென்று அவளுக்கு மனப்பாடம். "ரொம்பத் தொந்தரவாப் போச்சுங்களா? மன்னிக்கணும். நாளையோட ஆட்டம் முடிஞ்சிடும்."

"சத்தம் கிடக்கட்டும். இந்த இடத்துல பொதுக் குளியல்கூடம் இருந்த காலத்துலயே எனக்குச் சத்தம் பழகிப்போச்சு. நான் சொல்றது அந்தப் பேரை."

"எந்தப் பேருங்க?"

"கினுயே." ரொம்ப நாளாக வாயில் எடுக்காத பெயர்போல் மெல்லச் சொன்னார். "என் வீட்டுக்காரி. மார்ச்சுல போயிட்டா. நேத்து சாப்பிட உக்காந்திருக்கேன், வெளியில யாரோ அவ பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. எந்திரிச்சுப் போயிட்டேன் பாருங்க. வாசக்கதவு வரைக்கும் போயிட்டேன்."

வகானா மறுபடியும் குனிந்தாள்.

அவர் பெயர் கமியாமா. அந்தக் குடியிருப்பில் ஆள் இருப்பதே குழுவுக்குத் தெரியாது. இவர்களுடைய நாடகங்களில் கடைசிக் காட்சியில் மேடையின் பின்துணி சடாரென்று விலகி, நிஜ ஊர் தெரியும். ரயில் போனால் ரயில், நாய் நின்றால் நாய், எல்லாம் நாடகத்தில் சேர்த்திதான். அதனால் தலைவர் தொகாஷி இடம் பார்க்கப் போனால் மனையைப் பார்க்க மாட்டார். மனைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார். இங்கே அவர் கண்டது தகரக் கதவுகள் இறக்கி, துரு வழிந்துகொண்டிருந்த குடியிருப்பு. இதைவிடப் பாழான வீடு தச்சனே செய்து கொடுத்தாலும் கிடைக்காது என்று பூரித்துப்போய்க் கூடாரத்தின் முதுகை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். சுற்றியிருந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு வாரம் முன்பே போய்க் கைத்துண்டு கொடுத்து வணக்கம் சொன்னவர்கள், அந்த வீட்டுக்கு மட்டும் போகவில்லை. மேடைச் சாமானுக்கு யார் போய் வணக்கம் சொல்வார்கள்?

பின்துணி விலகிய அந்தத் திறப்பில் நின்று, வகானா ஊரைப் பார்த்து ஒரே ஒருமுறை 'கினுயே' என்று கத்த வேண்டும். பதில் வராது. அப்புறம் அதன் வழியே வெளியே நடந்து போய்விட வேண்டும். நாடகம் அதோடு முடிந்தது.

மத்தியானச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். தொகாஷி சோற்றுருண்டையைக் கடித்தபடி கேட்டுக்கொண்டார்.

"பேரை மாத்தணுமா? எழுதின நாள்லேருந்து அந்தப் பேருதான். ஒரு இடத்துல கை வெச்சா எல்லாத்துலயும் கை வெக்கணும்."

"பொண்டாட்டி செத்து ஆறு மாசம்தான் ஆகுது தலைவரே."

"பாவம்தான், யாரு இல்லன்னா? ஊருக்கு ஒரு கினுயே இருக்கத்தான் செய்வா. ஒவ்வொருத்தருக்காகவும் மாத்திட்டே போனா நம்ம கினுயே எங்க போவா?"

திரைக்கயிறு இழுக்கும் தெப்பெய் நடுவில் புகுந்தான். "கூடாரத்தை வேற பக்கம் திருப்பிட்டா?"

"தாராளமாத் திருப்பு. சாயங்காலம் கூட்டம் வர்றதுக்குள்ள முடிச்சிடு, ராசா."

எல்லாரும் சிரித்தார்கள். வகானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கத்தியிருக்கிறாள், கினுயே யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடைசி எழுத்தை நன்றாக இழுக்கலாம், தொண்டை திறந்துகொள்ளும். அவளுக்கு அந்தப் பெயர் அவ்வளவுதான். அதை நினைக்க வெட்கமாக இருந்தது. ஒரு மனிதர் சோற்றை விட்டுவிட்டு எழுந்து கதவு வரைக்கும் போயிருக்கிறார்.

"நான் அந்தப் பேரைக் கத்த மாட்டேன்," என்றாள். தொகாஷியிடம் அவள் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "ஹருயோன்னு வேற பேரு சொல்றேன்."

தொகாஷி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் இஷ்டம். நாடகம் செத்துச்சுன்னா பொணத்தை நீதான் தூக்கணும்."

அன்று மாலையும் கூட்டத்துக்குக் குறைவில்லை. தெப்பெய் மேடையில் ஏறி, "எல்லாரும் ஒரு சாண் முன்னால, ஒண்ணு ரெண்டு மூணு" என்று கத்தக் கத்த, ஜனங்கள் ஒருவர் முதுகில் ஒருவர் முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்தார்கள். கடைசியில் துணி விலகியது. மேல்மாடியில் ஒரு தகரக் கதவு ஏறியிருந்தது. விளக்கில்லாத பால்கனியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கமியாமா நின்றிருந்தார். "ஹருயோ," என்று வகானா கத்தினாள். குரல் என்னவோ பெரிதாகத்தான் வந்தது. அவர் உள்ளே போய்த் தகரக் கதவை இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை முறையாகக் காலணி போட்டுக்கொண்டு, ஒரு பை நிறையப் பேரிக்காயோடு வந்தார்.

"பேரை மாத்திட்டீங்க."

"நீங்கதானுங்களே..."

"ஆமா, நான்தான் சொன்னேன்." தரையில் அடித்திருந்த முளையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சொல்லிட்டேனே ஒழிய, நேத்து சாயங்காலம் எனக்கு இருப்பே கொள்ளல. அந்தப் பேரு காதுல விழாதான்னு போய் நின்னுட்டேன். செத்தவங்களுக்குக் கோயில்ல வேற பேரு வெக்கிறாங்க இல்லீங்களா, பூசை மாடத்துல அதுதான் இருக்கு. வாயில நுழையாத பேரு. மகன் போன் பண்ணினா அம்மாங்கறான். கூப்பிடலாம்னா என் வாயிலயும் வர மாட்டேங்குது. அவளைக் கினுயேன்னு கூப்பிட இப்ப யாருமே இல்லீங்க."

வகானா பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்குக் கூப்பிடுவீங்களா?"

"கூப்பிடறேன்," என்றாள். சொன்ன பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. முன்பு அது வெறும் எழுத்து, எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். இப்போது ஒரு வீட்டு மனுஷியின் பெயர். அது வாயில் வருமா என்று அவளுக்கே தெரியவில்லை.

தொகாஷி பேரிக்காய் ஒன்றை எடுத்துத் தோல் சீவினார். "கடைசியில நான் சொன்னதுதானே சரி?"

"இல்ல தலைவரே. நீங்க அவரைக் கேட்டுட்டுச் சொல்லல."

தொகாஷி சீவிய துண்டு ஒன்றை அவளிடம் நீட்டினார்.

கடைசி ஆட்டம். அழ வேண்டிய இடத்தில் அழுதாள், உருள வேண்டிய இடத்தில் உருண்டாள், மனசு முழுக்கப் பின்துணியிலேயே இருந்தது. தெப்பெய் கயிற்றை இழுத்தான். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பால்கனியில் விளக்கு எரிந்தது. கமியாமா கோட்டு போட்டு நின்றிருந்தார். அவரும் நடிகர்தான் என்று நினைத்துக் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

வகானா வாயைத் திறந்தாள். குரல் உடனே வரவில்லை. வந்தபோது இழுக்க முடியவில்லை; தெருவில் நின்று மாடிவீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல்தான் வந்தது.

"கினுயே."

அவள் நடந்து போக வேண்டும், போகாமல் நின்றாள்.

கமியாமா அவளைப் பார்க்கவில்லை. வெளிச்சமாக இருந்த அறையின் பக்கம் முகத்தைத் திருப்பி, உன்னைத் தேடி ஆள் வந்திருக்கிறது என்று உள்ளே சொல்கிறவர்போல் என்னவோ சொன்னார். பிறகு கம்பியைப் பிடித்தபடியே, பக்கத்தில் இன்னொருவர் வந்து நிற்கிற அளவுக்கு நகர்ந்துகொண்டார்.