மழை வந்தால் என்ன செய்வாய்?

தடால் என்று கண்ணாடிக் கதவில் ஏதோ மோதியது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மோதியது சுஹாஸ். மயிலாப்பூர்ப் பையன், பத்தாம் வகுப்பு. செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்ததால் கதவு மூடியிருந்தது தெரியவில்லை.

பின்னால் வந்த அவன் அம்மா மதுவந்தி மகனின் நெற்றியைப் பார்க்கவில்லை. உள்ளறையைப் பார்த்தாள்.

"சைக்காலஜிஸ்ட் மேடம் பார்த்தாளா?" என்று ரிசப்ஷன் பெண்ணைக் கேட்டாள்.

"இல்லையே மேடம்."

"பார்த்திருந்தா நன்னா இருந்திருக்கும்."

அடையாறில் குழந்தைகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் மையம் அது. கற்றல் குறைபாடு என்று எழுதி வாங்கிவிட்டால் பொதுத்தேர்வில் சுஹாஸுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். அவனுக்குக் குறைபாடு எதுவும் இல்லை. படிப்பதில்லை, அவ்வளவுதான்.

எதிர் நாற்காலியில் ஸ்நேஹா உட்கார்ந்திருந்தாள். பெசன்ட் நகர் கடற்கரையில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண். மடியில் மகள் தீபிகா, இரண்டாம் வகுப்பு.

"இன்னாக்கா, சர்டிபிகேட் வாங்கவா வந்துகீறீங்க?"

"ஆமாம்மா. நீ?"

"நான் அத்த கேன்சல் பண்ண வந்துகீறேன்."

மதுவந்தி எழுந்து ஸ்நேஹாவின் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள்.

தீபிகாவுக்கு அறிவு வளர்ச்சி போதவில்லை என்று போன மாதம் இங்கே எழுதிவிட்டார்கள். இன்று மறுசோதனை. இதிலும் அதே முடிவு வந்தால் ஜூனிலிருந்து ஆதம்பாக்கத்தில் ஒரு சிறப்புப் பள்ளி. ஸ்நேஹாவின் அக்கா மகன் அங்கேதான் படிக்கிறான். சேர்ந்த நாள் முதல் காகித உறை ஒட்டுகிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தீபிகாவுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான்.

"அப்படி என்னதான் கேட்டா?" என்றாள் மதுவந்தி.

"யார் போனாலும் மொதல்ல ஒரே கேள்விதான்க்கா. மழை வந்தா இன்னா பண்ணுவேன்னு கேட்டாங்க. மணியெல்லாம் மூடுவேன்னு சொல்லிச்சு. தப்பாம். கும்பல்ல தொலைஞ்சு போனா இன்னா பண்ணுவே? போலீசு இல்லாத பக்கமா போவேன்னு சொல்லிச்சு. அதுவும் தப்பாம்."

"ஏன், போலீஸ் என்ன பண்ணுவா?"

"கடை போடக் கூடாதுன்னு மணியத் தூக்கினு போவாங்க. சில நாளு என்னையும்."

மதுவந்தி மகன் பக்கம் திரும்பினாள். "டேய், கேட்டுண்டியா? மணியெல்லாம் மூடுவேன். போலீஸ் இல்லாத பக்கமா போவேன். எங்கே, சொல்லு."

"அம்மா, ப்ளீஸ்."

"ப்ளீஸ்னா சர்டிபிகேட் வராது. சொல்லு."

தப்பான பதில்களை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது மரியாதை இல்லை என்று, தீபிகாவுக்குச் சரியான பதில்களை மதுவந்தியே சொல்லிக்கொடுத்தாள். மழை வந்தால் குடை பிடிப்பேன். தொலைந்து போனால் போலீஸ் அங்கிளிடம் போவேன்.

தீபிகா தங்கள் வாக்ரி பாஷையில் அம்மாவிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கறா?"

"நம்மகிட்ட ஏது குடைன்னு கேக்குது. உள்ள போய் கீதுன்னு சொல்லுடி."

தீபிகா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். சுஹாஸுக்கு மூன்று தடவை ஆனது. அதில் மதுவந்திக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

முதலில் தீபிகா உள்ளே போய் வந்தாள். அடுத்து சுஹாஸ் போனான். கடைசியில் இரண்டு பேரின் தாள்களோடு சைக்காலஜிஸ்ட் மாளவிகாவே வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சாரி மேடம், உங்க பையனுக்குச் சர்டிபிகேட் தர முடியாது. மழை வந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டேன். எல்லாப் பசங்களும் குடைன்னுதான் சொல்லுவாங்க. இவன், 'மணியெல்லாம் மூடுவேன்'கிறான்! தான் நனையறதப் பத்திக் கவலைப்படாம பொருளைக் காப்பாத்தறான் பாருங்க. போலீஸ் இல்லாத பக்கமா போவானாம். அதிகாரத்தையே கேள்வி கேக்கற மனசு. இதெல்லாம் தனித் திறமை."

"எக்ஸ்ட்ரா டைமாவது..." என்று இழுத்தாள் மதுவந்தி. சுஹாஸ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாளவிகா அடுத்த தாளை எடுத்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"தீபிகா எல்லாம் சரியாத்தான் சொன்னா. குடைன்னு, போலீஸ் அங்கிள்னு. ஆனா கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கறா. சொந்தமா யோசனை இல்ல. ஆதம்பாக்கம் ஸ்கூல்தான் அவளுக்கு நல்லது."

ஸ்நேஹா எழுந்தாள். "மேடம், அந்தப் பையன் சொன்ன ரெண்டு பதிலும் போன மாசம் எம் பொண்ணு சொன்னது. நீங்கதான எழுதிக்கினீங்க?"

மாளவிகா பழைய தாளைப் புரட்டினாள். இரண்டு பதிலும் அவள் கையெழுத்திலேயே இருந்தன. பக்கத்தில் இரண்டு பூஜ்யம். அவள் ஸ்நேஹாவின் தோளில் பரிவோடு கை வைத்தாள்.

"ஆமாம்மா, இருக்கு. ஆனா அவன் யோசிச்சுச் சொன்னான். உன் பொண்ணு தெரிஞ்சதைத்தானே சொன்னா?"