குழாய்க்கு மேலே விதைத்தது

ஐயா செத்த செய்தி வந்தபோது நான் இந்த வெளிநாட்டில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்று கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தங்கச்சி சுதர்சனா கிளிநொச்சியிலிருந்து போன் எடுத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நான் "சரி, சரி" என்றேன். பிறகு கத்தரிக்காய்க்குக் காசு கொடுத்து, அறைக்கு வந்து, குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். உப்புக்கூட அளவாகத்தான் இருந்தது.

என்னுடைய அகதிக் கடவுச்சீட்டில் உலகமெல்லாம் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. அதனால் வருகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. மூத்த மகன் நான் இருக்க, கொள்ளியைச் சித்தப்பாவின் மகன் வைத்தான். நான் போனில் பார்த்தேன். இடையில் படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது ஐயாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். வெறும் முற்றமும் கதிரைகளும் தெரிந்தன. அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் அழவில்லை. சுதர்சனாவுக்கு அதுதான் பயம்.

"அண்ணை, அம்மா கல்லு மாதிரி இருக்கிறா. சாப்பிடுறாவும் இல்லை, அழுறாவும் இல்லை. ஏதாவது கதைச்சுப் பாருங்கோவன்."

என்ன கதைப்பது? எனக்கே ஒன்றும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது முழு உடம்பும்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போக வெளிக்கிட்டேன். அறையில் என்னோடு இருக்கும் யோகநாதன் அண்ணை கதவை மறித்தார். லா சப்பலில் செத்தவீடோ கலியாணமோ, முறை தெரியாதவர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அவர் சொல்வார்.

"இண்டைக்கு என்ன வேலை?"

"விதைப்பு."

"செத்தவீட்டுத் துடக்கோடை விதைக்கப் போறியே? முப்பத்தொண்டு நாள் கழியாமல்? அதுவும் மூத்த பிள்ளை!"

"மானுக்கும் முயலுக்கும்தானே அண்ணை விதைக்கிறம்."

"மான் திண்டாலும் பயிர் பயிர்தான்ரா."

தகப்பன் செத்தால் மூன்று நாள் லீவு தருவார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் அறையிலேயே இருக்க வேண்டும். ஆட்கள் பிஸ்கட் பெட்டியோடு வருவார்கள், என்ன வருத்தம் வந்து செத்தவர், எத்தனை வயது என்று கேட்பார்கள். அதைவிட வேலை பரவாயில்லை.

என் வேலையைப் பற்றிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். வில்லியே லே பெல் என்ற புறநகருக்கு அப்பால், வீடுகள் முடிந்து வயல்வெளி தொடங்கும் இடத்தில், நிலத்துக்கு அடியில் ஒரு பெரிய எரிவாயுக் குழாய் போகிறது. அதற்கு மேலே ஒரு றோட்டு அகலத்துக்கு நிலத்தைச் சும்மா விட்டிருக்கிறார்கள். வீடு கட்டக் கூடாது, மரம் நடக் கூடாது, ஆழமாகக் கிண்டக் கூடாது. குழாய் போகும் வழியைக் காட்ட அங்கங்கே மஞ்சள் கட்டைகள் நட்டிருக்கும். அந்த நிலத்தில் கவுதாரியும் முயலும் மானும் தின்பதற்கென்று பயிர் போடுகிறார்கள். வேட்டைக்காரர் சங்கத்தின் ஏற்பாடு. வசந்தத்தில் தீனி போடுவதும் அவர்கள்தான், இலையுதிர் காலத்தில் சுடுவதும் அவர்கள்தான். வன்னியில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நான் சம்பளத்துக்கு விதைக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் பொறுப்பாளர் லூடோவிக் ட்ராக்டரில் இருந்து விதைத்துக்கொண்டு போவான். மஞ்சள் கட்டைகளுக்குக் கிட்ட மெசின் போகாது. அந்தத் துண்டுகள் எனக்கு. சோளம், சாமை, சூரியகாந்தி, இன்னும் பேர் தெரியாத ஒரு முக்கோண விதை எல்லாம் கலந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு கையால் வீசினேன். ஒரு கட்டையைச் சுற்றி மட்டும் ஒரு பெரிய அறை அளவுக்கு நிலம் இருந்தது. அதையும் வீசி முடித்து, பல்லு வைத்த வாருகோலால் மண்ணை மூடினேன். லூடோவிக்குக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவன் தோளில் கை வைப்பான், நான் ஏதாவது முகம் காட்ட வேண்டும்.

அன்று பின்னேரம் அம்மா போனில் கேட்டா, "இண்டைக்கு என்ன வேலை செய்தனி?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததைச் சொன்னேன். "விதைச்சனான்."

சொன்ன பிறகுதான் ஊர் நினைவு வந்தது. சித்தப்பா செத்த மாதம் ஐயா எங்களில் ஒருவரையும் மிளகாய்த் தோட்டத்துக்குள் கால் வைக்க விடவில்லை. துடக்குக்காரர் இறங்கினால் பயிர் பட்டுவிடுமாம். முழுத் தோட்டமும் பட்டுத்தான் போனது. தண்ணீர் விடாத மிளகாய் வேறு என்ன செய்யும்? ஆனால் அதை ஐயாவிடம் சொல்ல யாருக்குத் துணிவு!

"முளைக்காது தம்பி," என்றா அம்மா. "ஐயா போயிருக்கேக்கை உன்ரை கையாலை போட்டது முளைக்காது."

ஏசவில்லை. அவ குரலில் முதல் முறையாக ஏதோ ஒன்று இருந்தது. ஆசை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு எப்போது எடுத்தாலும் அதே கேள்விதான். "முளைச்சுதோ?"

"இன்னும் அங்காலை போகேல்லை அம்மா. வேறை இடத்திலை வேலை."

"உங்கடை விதையைப் பற்றித்தான் கதைக்கிறா," என்றாள் சுதர்சனா. "வேறை ஒண்டும் கதைக்கிறா இல்லை. அதைக் கதைச்சால் ரெண்டு வாய் சாப்பிடுறா."

எனக்கும் அந்த எண்ணம் ஒட்டிக்கொண்டது. அது முளைக்காவிட்டால், ஐயாவின் சாவு இந்த நாட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நான் அவருடைய மகன். முளைத்துவிட்டால், நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போனவன், அவ்வளவுதான். இரவில் படுக்கும்போது, முளைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு விவசாயியின் மகன் வேண்டக் கூடிய வேண்டுதலா இது?

முப்பத்தோராம் நாள் அங்கே துடக்குக் கழிக்கும் அந்தியேட்டிக் கிரியை. இங்கே லூடோவிக் வேலை வானை அந்த வயல்வெளிக்கு ஓட்டினான். விதைத்தது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

மெசின் போட்டது பரவாயில்லாமல் வந்திருந்தது. சில வரிசைகளில் பல்லு விழுந்த மாதிரி இடைவெளி. என்னுடைய துண்டு மட்டும் முழங்கால் மட்டத்துக்கு, மண் தெரியாமல், அடர்த்தியாக நின்றது. அந்த முக்கோண விதைகூடப் பூக்கத் தொடங்கியிருந்தது.

லூடோவிக் விசிலடித்தான். மெசினை விற்றுவிட்டு உன்னையே வைத்துக்கொள்ளலாம் போல, அப்படி ஒரு கை உனக்கு என்றான். சிரித்துக்கொண்டே மற்றக் கட்டைகளைப் பார்க்க நடந்து போனான்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். ஒரு மனிதர் செத்திருக்கிறார், அவருடைய மூத்த மகன் துடக்கோடு போட்ட விதை இது, கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா என்று அந்தப் பயிரிடம் கேட்க வேண்டும் போலிருந்தது.

அப்போது சுதர்சனா எடுத்தாள். "அண்ணை, எல்லாம் முடிஞ்சுது. ஐயர் இப்பதான் போறார். அம்மா அந்த இடத்தைப் பாக்கோணுமாம். இண்டைக்கு அங்கைதான் வேலை எண்டு காலமை சொன்னனீங்களாமே. வீடியோவிலை காட்டட்டாம்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "முளைச்சுதோ எண்டு கேள்."

"சிக்னல் இல்லை," என்றேன். "பத்து நிமிசத்திலை நானே எடுக்கிறன்."

வைத்துவிட்டுக் குனிந்து பிடுங்கத் தொடங்கினேன். இரண்டு கையாலும் பிடி பிடியாகப் பிடுங்கினேன். மேல் மண் ஈரமாக இருந்ததால் வேரோடு வந்தது. ஒரு பாய் விரிக்கும் அளவு வெறுமையாக வந்ததும் காலால் மண்ணை மட்டப்படுத்தினேன். லூடோவிக் கேட்டால் மான் தின்றுவிட்டது என்று சொல்லலாம். மானுக்குப் போட்டதை மான் தின்றால் யார் என்ன சொல்வது? கடைசிப் பிடியைக் கீழே போட நேரமில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவுக்கு எடுத்தேன்.

போனைக் கீழே பிடித்து அந்த மண்ணைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தா.

"கிட்டக் காட்டு."

காட்டினேன்.

"அங்காலை பச்சையாத் தெரியுது?"

"அது வெள்ளைக்காரன் மெசினாலை போட்டது அம்மா. இதுதான் என்ரை கையாலை போட்டது."

அம்மா மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தா. முதலில் உதடு கோணியது. பிறகு, "பாத்தியே பிள்ளை, அவ்வளவு தூரத்துக்கும் போயிருக்கிறார், என்ரை மனுசன்!" என்று சுதர்சனாவைப் பார்த்துச் சொன்னா. சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு பெரிதாக அழுதா. "ஐயோ, மூத்தவனட்டையும் போய்ச் சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கிறார்!"

"ஓம் அம்மா," என்றேன். "வந்து சொன்னவர்."

பிடுங்கிய பயிர் நிறைந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நானும் அழுதேன்.