நான்காம் பக்கத்து வரைபடம்

சனிக்கிழமை காலை பத்தரைக்குள் செசிலியா அதே விளக்கத்தைப் பதினோராவது ஆளுக்கு ஒப்பித்துவிட்டாள். பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் நடக்கும் அந்தக் கல்லூரியின் பதிவுக் கவுன்டரில் அவளுக்கு இது ஒன்பதாவது வருடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோபம் வரும், அழுகை வரும், இந்தப் பக்கம் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

பன்னிரண்டாவது ஆள் யுவராஜ். மேருவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இரவு ஷிப்ட் முடித்து, சட்டையைக்கூட மாற்றாமல் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான்.

"அக்கா, எனக்கு இன்னும் ரெண்டே பேப்பர்தான் பாக்கி. இப்பப் போயி கோர்ஸ மூடுறோம்னா என்னா அர்த்தம்?"

"பார்ட் டைம் மட்டும்தான் மூடுறாங்க தம்பி. பிஸ்னஸ் டேட்டா அனாலிசிஸ்ல இருக்கிற பார்ட் டைம் ஆளுங்க எல்லாரையும் இன்டர்நேஷனல் பிஸ்னஸுக்கு மாத்துறாங்க."

"அதுல எத்தன பேப்பர் படிக்கணும்?"

"ஒம்பது."

"விளையாடாதீங்க லா! ரெண்டு முடிக்க வேண்டியவன் ஒம்பது முடிக்கணுமா? எங்க கம்பெனில ஸ்டாக் கணக்கு பாக்குற வேலைக்கு எடுக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு இந்த டிகிரிதான் வேணும்."

செசிலியாவுக்குச் சிரித்த முகம் வரவில்லை. அவளும் அதே வகுப்புதான். ஊழியர்களும் படிக்கலாம் என்று கல்லூரி சலுகை தந்தபோது முதலில் பெயர் கொடுத்தவள் அவள். எஸ்.பி.எம். பள்ளிச் சான்றிதழோடு காலமெல்லாம் கவுன்டரில்தான் உட்கார வேண்டும் என்று தெரிந்ததால் ஆறு வருடமாகச் சனிக்கிழமைகளை அதற்கே கொடுத்திருந்தாள். திட்டப் பிரிவில் அதிகாரி வேலை ஒன்று டிசம்பரில் வரப்போகிறது. அவளுக்குப் பாக்கி ஒரே ஒரு பேப்பர்.

"நீங்களும் நம்ம கிளாஸ்தானேக்கா? நீங்க ஒண்ணும் கேக்கலியா?" என்றான் யுவராஜ்.

கேட்க வேண்டியதுதான். ஆனால் காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு ஒன்று. வகுப்பை மூடுவதாகச் சொல்லும், கவுன்டரில் அடுக்கி வைத்திருந்த சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. வரிசையாக நீலக் கம்பங்கள், ஓரத்தில் குட்டையாக ஒரே ஓர் ஆரஞ்சுக் கம்பம். அந்த ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான்.

போன பருவத்தில், அவரவர் வேலையிடத்துத் தரவை எடுத்து ஆராயச் சொல்லி வகுப்பில் வேலை கொடுத்திருந்தார்கள். எந்தப் படிப்பில் எத்தனை பேர் சேர்கிறார்கள், எத்தனை பேர் பாதியில் நிற்கிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பதிவதிகாரி விமலன் கையெழுத்துப் போட்டு அனுமதி தந்தார். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போகவர, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மூன்று வாரம் எழுதினாள். நான்காம் பக்கத்தில் அந்த வரைபடம்; ஆரஞ்சுக் கம்பம் அவளுடைய பகுதிநேர வகுப்பு. ஒன்பதாம் பக்கத்தில் காரணம்: பாதியில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஷிப்ட் வேலைக்காரர்கள், வகுப்பை மாலைக்கு மாற்றினால் நிற்க மாட்டார்கள். சுற்றறிக்கையில் ஒன்பதாம் பக்கத்தைக் காணோம்.

"தம்பி, படிப்ப மாத்துற பாரத்துல இப்ப கையெழுத்துப் போட்டுடாத. இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு அவள் மேல்தளத்துக்கு ஏறினாள்.

விமலன் தன் அறையில் கரிபாப் தின்றுகொண்டிருந்தார்.

"வா செசிலியா. உன் சார்ட் பாத்தியா? மேனேஜ்மென்ட்டுக்கு ரொம்பப் புடிச்சிருச்சி. யாரு போட்டான்னு கேட்டாங்க. நம்ம ஸ்டாஃப்னு சொன்னேன்."

"ஒம்பதாவது பக்கத்தையும் காட்டினீங்களா சார்?"

"அங்க எல்லாம் ஒரு ஸ்லைடுக்கு மேல பாக்க மாட்டாங்க."

"ஆள் ஏன் கொறையுறாங்கன்னு அதுலதான சார் எழுதியிருந்தேன்? கிளாஸ சாயந்தரத்துக்கு மாத்துனா போதும். மூடச் சொல்லி நான் எங்கயும் எழுதலியே!" அவளுக்கு வந்தது அழுகை இல்லை, எரிச்சல்.

"நீ சொல்லல. நம்பர் சொல்லுது." விமலன் விரலைத் துடைத்துக்கொண்டார். "நல்லா செஞ்சிருக்க. கோவிச்சிக்காத."

"அப்ப டிசம்பர் வேல?"

"அதுக்கு டிகிரி கையில இருக்கணும். யாராவது ஃபுல் டைம்ல முடிச்ச புள்ளைய எடுப்பாங்க."

"என்னா வேல சார் அது?"

"இந்த மாதிரி ரிப்போர்ட் போடுற வேலதான்."

செசிலியா கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றாள். அவர் பின்னாலிருந்து சொன்னார்: "உன் பாரத்தையும் இன்னிக்கே குடுத்துரு. பன்னெண்டு மணிக்கு சிஸ்டம் மூடிரும். அதுக்குள்ள ஏறலன்னா படிப்ப வுட்டுட்டதாத்தான் கணக்கு. ஆறு வருஷமும் போயிரும்."

"நானே ஏத்திக்கிறேன்."

"அது முடியாது. சொந்தப் பாரத்த சொந்தமா ஏத்தக் கூடாது. வேற ஸ்டாஃப்தான் ஏத்தணும்."

"வேற ஸ்டாஃப் யாரு சார் இருக்கா? பக்கத்து கவுன்டர்ல இருந்த உமாவத்தான் மார்ச்லயே நிப்பாட்டிட்டீங்களே."

"நீ முன்னாடி போய் உக்காரு. மீட்டிங் இருக்கு, முடிச்சிட்டு நானே எறங்கி வந்து ஏத்துறேன்."

கீழே வந்தபோது யுவராஜ் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி, கையெழுத்து வாங்கி, அவன் பாரத்தை ஏற்றினாள். மேலே என்ன ஆனது என்பதற்கு அவள் முகத்திலேயே பதில் இருந்தது. அடுத்து இன்னும் நாலு பேர். நாலு பேரும் ஒன்பது பேப்பரா என்று கேட்டார்கள், நாலு பேருக்கும் ஆமாம் என்றாள்.

பதினொன்றே முக்காலுக்கு வரிசை தீர்ந்தது. செசிலியா தன் பாரத்தை நிரப்பினாள். படிப்பை மாற்றக் காரணம் என்ன என்று ஒரு கட்டம் கேட்டது. 'மாணவரின் விருப்பம்' என்று அதில் முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். காலையிலிருந்து பதினாறு பேரிடம் அந்தப் பாரத்தை நீட்டியும் அந்த வரியை அவள் இப்போதுதான் படித்தாள். அடியில் கையெழுத்துப் போட்டு, எழுந்து சுற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வந்து, இன்னும் கிளம்பாமல் இருந்த யுவராஜ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள போயி நீங்களே தட்டிருங்கக்கா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் அவன், விஷயத்தைக் கேட்டுவிட்டு.

"சிஸ்டத்துல என் பேரு விழும். அப்புறம் இருக்கிற வேலையும் போயிரும்."

பதினொன்று ஐம்பத்திரண்டு. மேல்தளத்து மீட்டிங் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. செசிலியா விமலனைக் கைப்பேசியில் அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள்.

பந்திங்கிலிருந்து மகளைச் சேர்க்க வந்த ஓர் அம்மாள், மகளின் சான்றிதழ்களை பிளாஸ்டிக் பையில் வைத்து அணைத்தபடி மூச்சிரைக்க உள்ளே வந்தார். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, கவுன்டர்ல ஆளு இல்லியா?"

"இல்ல ஆன்டி" என்றாள் செசிலியா. "நானும் அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

அந்த அம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு உள்ளே, செசிலியாவின் நாற்காலியின் முதுகில் அவளுடைய கம்பளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. திறந்திருந்த கணினியில், அவளுடைய பெயருக்கு நேரே, மாற்றத்தை ஏற்றியவர் பெயர் வர வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது.