புக்கா என்றால்

மலேசியாவில், ரந்தாவுக்கு வெளியே இருக்கும் எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையில் பழக்குலைகளை நீராவியில் வேகவைக்க ஒரு பெரிய இரும்புக் கலன் உண்டு. அதன் கதவைத் திறப்பவர் அர்ச்சுனன். உள்ளே நீராவி மிச்சம் இருக்கும்போது கதவு திறந்தால் அவர் வெந்துபோவார்.

கலனை இயக்கும் புதிய நிரலை ஏஐ எழுதியது. எழுதச் சொன்னவர் மேலாளர் திவாகரன். ஓட்டிப் பார்ப்பது என் வேலை.

என் மனைவி ரோகினி போன வருடம் இறந்தாள். அதன்பிறகு எதுவும் என்னை உறுத்துவதில்லை. வேலைக்கு அது வசதி.

கலனுக்குள் நீராவியை விடாமல், நிரலை மட்டும் ஓட்டினேன். நீராவியை வெளியேற்றும் வால்வு திறந்துவிட்டதாகத் திரையில் பச்சை வந்தது. கதவின் பூட்டும் விடுபட்டது. போய்ப் பார்த்தேன். வால்வு இறுக மூடியிருந்தது.

ஏஐக்கு என்ன எழுதினார் என்று திவாகரனிடம் விசாரித்தேன்.

"கதவு தொறக்கறதுக்கு முன்னால புக்கா வால்வுன்னு போட்டேன். வேற என்னா?"

மலாயில் கதவைத் திறப்பதும் புக்கா, விளக்கைப் போடுவதும் புக்கா. ஏஐ அதைப் 'போடு' என்று எடுத்துக்கொண்டு வால்வுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டது. எங்கள் வால்வு மின்சாரம் நின்றால் திறக்கும், கொடுத்தால் மூடும். மூடியதா திறந்ததா என்று நிரல் பார்க்கவே இல்லை. தான் இட்ட கட்டளையை நம்பிப் பச்சை காட்டியது.

விளக்கினேன். அவர் போனில் தட்டினார்.

"பாரு புவன், சாரி சொல்லுது. நீங்க சொன்னது ரொம்ப சரிங்குது. திருத்திருச்சு. முடிஞ்சுது லா."

திருத்தியதைப் படித்தேன். வால்வு வரி அப்படியே இருந்தது. பக்கத்தில் 'பாதுகாப்பு உறுதிசெய்யப்பட்டது' என்று ஒரு குறிப்பு மட்டும் புதிதாக இருந்தது.

ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒன்று உறுத்தியது.

"இத ஓட்ட முடியாது சார்."

"வெளிய குலையெல்லாம் அழுகுது. ஸ்டீம் விடு. அர்ச்சுனன் பாத்துக்குவாரு."

கதவருகே நின்றிருந்த அர்ச்சுனன் சிரித்தார். "நான் வெந்தா எண்ணெ நெறைய வரும் பாஸ். கொழுப்பு ஜாஸ்தி."

திவாகரனும் சிரித்தார்.

"அப்ப நீங்களே தொறங்க சார்," என்றேன். "பச்ச வந்ததும். அதான் சாரி சொல்லிருச்சே."

அவர் கதவைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"அது என் வேல இல்ல. அர்ச்சுனா, நீ வா."

அர்ச்சுனன் சிரிப்பை நிறுத்தினார். நகரவில்லை.

கொதிகலனிலிருந்து நீராவி வரும் குழாயின் பெரிய வால்வை மூடிப் பூட்டுப் போட்டேன். சாவியைச் சட்டைப்பையில் வைத்தேன்.

"பொண்டாட்டி போனதுலேருந்து ஒனக்கு எதப் பாத்தாலும் சாவுதான் தெரியுது," என்றார் திவாகரன்.

அவர் முகத்தில் கூச்சமே இல்லை. மறுபடி போனில் தட்டத் தொடங்கினார். பூட்டை அறுப்பது எப்படி என்று கேட்கிறாரோ என்னவோ.

பூட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அர்ச்சுனன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னா நாத்தம் தம்பி, அந்தக் குலைங்க."

"அது பரவால்ல, அண்ணே."