காலையில் மட்டும் இறுகும் ஸ்டியரிங்

சோலைமலை ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். வளைந்தது. நேராக்கப் பார்த்தான். வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

லொறி முனியாண்டி முடக்கு வளைவில் பாதி திரும்பி, பள்ளத்தைப் பார்த்தபடியே போய்க்கொண்டிருந்தது. பின்னால் கூடைகளோடு நின்ற கொழுந்துக்காரப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அவன் தோளைக் கொடுத்து ஸ்டியரிங்கை நெம்பிக்கொண்டே பிரேக்கை மிதித்தான். முன்சக்கரம் சாலையோரத்தில் விளக்கு எரியும் முனியாண்டி சாமிக் கல்லை உரசிக்கொண்டு நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் சாலை இல்லை.

பெண்கள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.

அது யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துக்கட்டிய லொறி. ஊசிமலைத் தோட்டத்துத் துரை அதை ஏலத்தில் எடுத்து, காலையில் பெண்களை மேல்மலைக்கு ஏற்றவும், பிறகு தேயிலைப் பெட்டிகளை றொசல்லை ரயில் ஸ்டேஷனுக்கு இறக்கவும் வைத்திருந்தார். தேய்ந்த சாமான் சண்டித்தனம் பண்ணத்தான் செய்யும். ஆனால் இதன் சண்டித்தனத்துக்கு ஒரு நேரம் காலம் இருந்தது. விடிகாலையில் மட்டும் ஸ்டியரிங் இறுகும். வெயில் ஏறி, எஞ்சின் சூடாகி, றொசல்லைக்கு இறங்கும்போது நல்ல பிள்ளையாகிவிடும். முன்சக்கரத்துக் கிங் பின்னை மாற்றினார்கள். கிரீஸ் அடித்தார்கள். டயரை இடம் மாற்றிப் போட்டார்கள். மறுநாள் காலை மறுபடியும் இறுகும்.

காலையில் மட்டும் லொறி தடுமாறுகிறது என்றால், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் என்ன பேசுவார்கள்? இரவு குடித்தது இறங்கவில்லை என்றுதான் பேசுவார்கள். சோலைமலையின் அப்பன் சாராயத்திலேயே செத்தவன் என்பதால் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. இவனோ அப்பன் பிணத்தின் முன்னால் சத்தியம் செய்து, அதை இன்றுவரை காப்பாற்றி வருகிறவன்.

மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு சிவசாமி முடக்குக்கு ஓடிவந்தார். சக்கரத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், பிறகு சோலைமலையின் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"வாய ஊது."

"ஐயா, நான் குடிக்கிறதில்லீங்க."

"ஊதுடா."

ஊதினான். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு அவன் மனைவி வேலாயியும் நின்றாள். அவள் மட்டும் வேறு பக்கம் பார்த்தாள். வெட்கத்தில் திரும்பிக்கொண்டாள் என்று நினைத்தான்.

"வாசம் இல்ல. அதனால குடிக்கலன்னு ஆயிருமா?" என்றார் கண்டாக்கு.

அன்று பெட்டிகளை இறக்கிய கையோடு, கண்டாக்கே கூட வர, லொறியைக் கினிகத்தேனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கராஜ் வைத்திருந்த தம்பிஐயா யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. அடியில் படுத்துப் பார்த்தார். பொனட்டைத் தூக்கிப் பார்த்தார். கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டியும் பார்த்தார்.

"ஒரு பிழையும் இல்லை, தம்பி. பட்டு மாதிரிச் சுத்துது. ஸ்டியரிங் பெட்டியிலை கொஞ்சம் ஒழுக்கு இருக்குது, ஆனா எண்ணெய் கழுத்துமட்டும் நிரம்பி நிக்குது. நான் எதைத் திருத்திறது?"

ஒழுகுகிற பெட்டியில் எண்ணெய் எப்படிக் குறையாமல் நிற்கும் என்று சோலைமலைக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போகிறவனுக்கு எது தோன்றும்?

திரும்பி வரும் வழியில் கண்டாக்கு முடிவாகச் சொன்னார். "நாளைக்கு நான் ஒம் பக்கத்துல உக்காந்து வாறேன். ஸ்டியரிங்கு இறுகுனா லொறி மேல தப்பு. இறுகலன்னா நீ குடிகாரன். சாவிய குடுத்துட்டுப் புல்லுவெட்டப் போயிரு. தொரைக்கிட்ட சொல்லிட்டேன்."

வேலை போவதைவிட அந்தப் பட்டம்தான் அவனை அரித்தது. லயத்திலிருந்து லொறி ஓட்டப்போன முதல் ஆள் அவன். இனி அவன் பெயர் குடிகாரன் மகன் குடிகாரன்.

விடியும் முன்னே எழுந்துவிட்டான். வேலாயி அடுப்படியில் குந்தி, ஒரு போத்தலைத் தணலில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா அது?"

"தலைக்கு எண்ணெ."

மலைக்குளிரில் தேங்காயெண்ணெய் மெழுகாக உறைந்துவிடும். அடுப்பில் காட்டாமல் லயத்தில் யாரும் தலைக்கு வைக்க முடியாது. அவன் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தான். பாதி வழியில் கால் நின்றது. போத்தலில் உறைந்திருந்த வெள்ளைக்குள் கறுப்பாகத் துணுக்குகள் கிடந்தனவே. கருகிய திரி அல்லவா அது? தலைக்கு வைக்கிற எண்ணெயில் திரி எப்படி வரும்?

லொறிக் கொட்டிலுக்கு ஓடினான். பொனட்டைத் தூக்கி, ஸ்டியரிங் பெட்டியின் மூடியைத் திருகிக் கழற்றி, சுண்டுவிரலை விட்டான். இத்தனை நாளும் வண்டி சூடான பிறகுதான் இதைத் திறந்து பார்த்திருக்கிறான். குளிரில் திறப்பது இதுவே முதல் தடவை. விரலில் வெள்ளையாக, கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. தேங்காயெண்ணெய். அதிலும் அதே கருகிய திரி. முனியாண்டிக் கல்லில் எரிகிற விளக்கின் எண்ணெய்.

முன்பு ஒருநாள் லொறி முதன்முதலாகத் தடுமாறியபோது, பயந்த பெண்களைத் தேற்ற இந்தப் பெட்டியைத் திறந்து காட்டியவன் அவன்தான். "இதுதான் லொறிக்குக் கை. எண்ணெ கொறஞ்சு கை மரத்துப் போச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தான். கைக்கு எண்ணெய் வேண்டுமென்றால் சாமி எண்ணெயைவிட எது நல்லது? ஊற்ற ஊற்ற இறுகியது. இறுக இறுக வேலாயி ஊற்றியிருக்கிறாள், பாவி.

விரலைத் துடைக்காமல் நின்றான். கழுவிவிட்டால் ஸ்டியரிங் இறுகாது, அவன் குடிகாரனாவான். அப்படியே விட்டால் முடக்கில் இறுகும், அவன் யோக்கியனாவான், ஆனால் பின்னால் பெண்கள் இருப்பார்கள். உண்மையைச் சொன்னால், தோட்டத்து லொறியில் கைவைத்தவள் என்று வேலாயிக்குப் பத்துச்சீட்டுக் கிழிப்பார்கள். வேலையும் லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் ஒன்றாகப் போகும். கொஞ்ச நேரம், அப்படியே விட்டுவிடலாமா என்றும் நினைத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

பெரட்டுக் களத்தில் ஆட்கள் பேர் கொடுக்கக் கூடிவிட்டார்கள். சோலைமலை விரலைத் தூக்கிப் பிடித்தபடி கண்டாக்குக்கு முன்னால் போய் நின்றான்.

"ஐயா, பெட்டிக்குள்ள தேங்காயெண்ணெ ஒறைஞ்சு கெடக்கு. அதான் காலையில இறுகுது. சாமி எண்ணெயின்னு நான்தான் ஊத்துனேன்."

சிவசாமி விரலைப் பார்த்தார், முகர்ந்தார். முகம் சிவந்தது. "லொறி ஓட்டுறவன் பண்ற வேலையாடா இது? இத்தன பேரக் கொல்லப் பாத்தியே. இன்னைக்கே ஒனக்குச் சீட்டு."

"அவரு ஊத்தலைங்க" என்றாள் வேலாயி. கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். போத்தல் இன்னும் மடியில் இருந்தது. "நான்தான் ஊத்துனேன். வெள்ளிக்கு வெள்ளி."

"எதுக்கு?"

அவள் புருஷனைப் பார்க்காமல் பேசினாள். "விடியமுன்ன எந்திரிச்சு லொறிய சூடு பண்ணப் போறேன்னு போவாரு. கொட்டில்ல ஒளிச்சு வெச்சுக் குடிக்கிறாருன்னு நெனச்சேன். லொறியவாச்சும் முனியாண்டி பாத்துக்கிரட்டும்னு ஊத்துனேன்."

பிறகு கூட்டத்திலேயே வயதில் மூத்த அம்மாக்கண்ணு தொண்டையைச் செருமினாள். "நானும் ரெண்டு தடவ ஊத்தியிருக்கேங்க. எம் மருமகளும் ஊத்துனா." அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். ஒழுகுகிற பெட்டி கழுத்துவரை நிறைந்திருந்த கணக்கு அங்கே தீர்ந்தது.

எல்லோருக்கும் சீட்டுக் கொடுத்தால் கொழுந்தை எவன் எடுப்பது? கண்டாக்கு தாடையைச் சொறிந்தார். "மண்ணெண்ணெ ஊத்திக் கழுவு. பெக்டரியில நல்ல எண்ணெ வாங்கி ஊத்து. இனிமே எவளாச்சும் அந்தப் பொனட்டுப் பக்கம் போனா நான் மனுசனா இருக்க மாட்டேன்." திரும்பி நடந்துகொண்டே, "சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

லொறி தாமதமாகக் கிளம்பியது. ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்டது. குடிகாரன் என்ற பெயர் போய்விட்டது. இருந்தும் சோலைமலைக்கு வலித்தது. ஊர் சந்தேகப்பட்டது அவனுக்குப் புதிதில்லை. இவளுமா?

முடக்கு வளைந்து நேரானதும் லொறியை நிறுத்தி இறங்கினான். பின்பக்கம் போய், பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற வேலாயியை அண்ணாந்து பார்த்தான்.

"கண்டாக்கு ஊதச் சொன்னாரு, ஊதுனேன். நீ கேட்டிருந்தா ஊதியிருக்க மாட்டேனா புள்ள?"

"கேக்கத்தான் நெனச்சேன்" என்றாள். "ஆமான்னுட்டீங்கன்னா அப்புறம் நான் என்னா பண்றது?"

அவன் பலகையில் கால்வைத்து ஏறி, அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினான். மற்றப் பெண்கள் கூடைகளைப் பார்த்தார்கள். வேலாயி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"தேத்தண்ணி வாசந்தான் வருது" என்றாள்.