அப்பாவின் நீலச் சட்டை

காலரைத்தான் அவள் முதலில் தேய்த்தாள். காலர், கை, முதுகு, கடைசியில்தான் முன்பக்கம். அது அப்பாவின் வரிசை. இருபத்தெட்டு வருஷம் ஊரார் துணிக்கெல்லாம் இஸ்திரி போட்டவரைக் கசங்கிய சட்டையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. ஆணியில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்து வந்திருந்தாள். காலையில் கடை மேஜைமேல் சாய்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். இப்போது அடுத்த அறையில் படுத்திருந்தார்.

வாசலில் சித்தப்பா தயங்கித் தயங்கிப் பேசினார். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. பாப்பாவோட காலேஜ் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்."

"இப்ப அதுதான் முக்கியமா தம்பி?" என்றாள் அம்மா.

விண்ணப்பம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பட்ஜெட்டில் கை வைத்துவிட்டார்களாம். ஏழைப் பிள்ளைகளின் உதவித்தொகை இனி தாயோ தகப்பனோ இல்லாதவர்களுக்கு மட்டும். எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ! இரண்டாம் வருஷத்தோடு படிப்பு நின்றுவிடும் என்று அவள் அழுதபோது அப்பா சிரித்தார்.

"இவ்வளவுதானா? நான் கிளம்பிட்டா நீ பட்டம் வாங்கிடலாம். டாக்டரும் அதைத்தானே சொல்லிட்டிருக்காரு."

"வாயைக் கழுவுங்க!" அம்மா காகிதத்தைப் பிடுங்கிக் கசக்கி ஜன்னல் வழியே எறிந்தாள். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

முன்பக்கத்துக்கு வந்ததும் சட்டைப் பையைத் தடவினாள். "பையைப் பாக்காம பெட்டியை வைக்காதே, அடுத்தவன் ரகசியம் கருகிடும்" என்பார் அப்பா. உள்ளே ஏதோ தட்டுப்பட்டது.

நாலாக மடித்த காகிதம். அதே விண்ணப்பம்தான். கிழிந்த மூலையில் பின்னால் ஒட்டுப் போட்டிருந்தது. கசங்கலே இல்லை, இஸ்திரி போட்டிருக்கிறார். அவள் பெயர், பிறந்த தேதி, வகுப்பு எல்லாம் அவருடைய கொட்டை எழுத்தில். தந்தை என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இப்படியா ஒரு மனுஷன் முன்யோசனையோடு இருப்பார்! அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். காகிதத்தை வாங்கி, மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பேனாவோடு வந்தாள்.

"எழுதும்மா."

"என்னால முடியாதும்மா."

"அவரே பாதி எழுதிட்டாரே."

'இல்லை' என்று எழுத இவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் நினைத்ததே இல்லை. காகிதத்தின் ஓரம் நனைந்துவிட்டது. அப்பா பட்டுத்துணிக்குச் செய்வதுபோல மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பெட்டியை மெதுவாக வைத்து எடுத்தாள். சூடு ஆறுவதற்குள் சித்தப்பா அதை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பிறகு சட்டையின் முன்பக்கத்தைத் தேய்த்தாள்.