பதினைந்து நிமிடக் காற்று

அந்தச் சரக்குக் கப்பலின் மூன்றாம் அதிகாரியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவர் போசன், மேல்தளத் தொழிலாளிகளுக்கு மேஸ்திரி. பாதுகாப்புக் கருவிகள் அவள் பொறுப்பு. மாதம் ஒருமுறை எல்லோரையும் நிற்க வைத்து, ஆரஞ்சு நிறப் பையிலிருந்து முகமூடியை எடுத்துத் தலையில் மாட்டிக் காட்டி, சொன்னதையே சொல்வாள்.

"இதுல பதினஞ்சு நிமிஷக் காத்துதான் இருக்கு. மாட்டிக்கிட்டா வெளியே ஓடி வர்றதுக்கு மட்டும். யாரையும் காப்பாத்த இதைப் போட்டுக்கிட்டு உள்ள போகக் கூடாது. அதுக்கு முதுகுல மாட்டுற பெரிய செட் இருக்கு."

"இதைப் போட்டா என் மூஞ்சி எப்படி இருக்கும், டீச்சர்?" என்பார் போசன்.

"மூடியிருக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும், மச்சான்" என்பான் ஃபிட்டர். அவனுடைய அக்காவைத்தான் போசன் கட்டியிருந்தார். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

கப்பலில் மரக்கட்டைகள் ஏற்றியிருந்தார்கள். பதினொரு நாளாக மூடிக் கிடந்த சரக்கறையில், கட்டைகள் காற்றிலிருந்த ஆக்சிஜனையெல்லாம் தின்று தீர்த்திருந்தன. மிஞ்சிய காற்றுக்கு வாசனையும் இல்லை, புகையும் இல்லை. காற்றை அளக்காமல் இறங்கக் கூடாது என்பது போசனுக்கும் தெரியும். ஆனால் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்க, அன்று காலை கட்டை இறக்கும் ஆட்கள் படகில் வரவிருந்தார்கள். விளக்கு ஒன்றைக் கட்டுவது ஒரு நிமிட வேலைதானே என்று மூடியைத் திறந்து ஏணியில் இறங்கினார். பதினைந்து படிக்குக் கீழே, ஏணியின் முதல் மேடைத்தட்டில் கால் வைத்தவர் உட்கார்ந்தார், பிறகு அப்படியே சாய்ந்தார்.

மேலே நின்றவன் போட்ட கூச்சலில் ஃபிட்டர் வெல்டிங் வேலையை எறிந்துவிட்டு ஓடினான். கதவருகே தொங்கிய ஆரஞ்சுப் பையைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அதற்குள் டீச்சர் வந்து சேர்ந்திருந்தாள். பெரிய செட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு, திறப்புக்கு முன்னால் குறுக்கே நின்றாள்.

"நகருங்க டீச்சர். அதோ, கண்ணுக்குத் தெரியுறாரு. பதினஞ்சு படிதான்!"

"அவரைத் தூக்கிட்டு ஏற உங்களால முடியாது. பாதியில காத்து தீந்துடும். நாலே நிமிஷம், செட் வந்துடும்."

"நாலு நிமிஷத்துல செத்துடுவாருங்க!"

அவன் அவளைத் தள்ளினான். அவள் திறப்பின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கத்தினாள். "ஃபிட்டரைப் பிடிங்க! உள்ள விடாதீங்க!" மூன்று பேர் அவனைத் தளத்தில் அமுக்கினார்கள். கையில் முகமூடியோடு, மச்சான் மச்சான் என்று அவன் அலறியது எஞ்சின் அறை வரை கேட்டது.

செட் வர ஐந்து நிமிடம் ஆனது. தலைமை அதிகாரியும் ஒரு மாலுமியும் இறங்கி, கயிறு கட்டி மேலே கொண்டுவர இன்னும் ஏழு. டீச்சரே மண்டியிட்டு போசனின் நெஞ்சை அழுத்தினாள். கரையிலிருந்து படகில் மருத்துவர் வந்து அவள் தோளைத் தொடும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா" என்றார் அவர்.

விசாரணை அதிகாரி அவள் செய்தது சரி என்று எழுதினார். ஃபிட்டர் இறங்கியிருந்தால் சாவு இரண்டாகியிருக்கும் என்றும் எழுதினார். அந்தத் தாளை அவள் பலமுறை படித்தாள். ஆனாலும் தூக்கம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து போசனின் வீட்டைத் தேடிப் போனாள். கதவைத் திறந்த ஃபிட்டரின் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் டீச்சரா? போன்ல உங்களைப் பத்தித்தான் சொல்லிச் சிரிப்பாரு. உள்ள வாங்க."

கூடத்தில் இரண்டு நாற்காலிகள். ஆணியில் போசனின் சட்டை இன்னும் தொங்கியது. 

"விட்டிருந்தா காப்பாத்தியிருப்பேன்னு என் தம்பி தினம் சொல்றான்" என்றாள் அக்கா. "அவனாவது உசுரோட வந்தானேன்னு உங்களுக்கு நன்றி சொல்லணும். வாய் வரல. திட்டவும் வரல. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

உள்ளறைக் கதவு திறந்தது. ஃபிட்டர் இளைத்துப் போயிருந்தான். அவளை நேராகப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் இறங்கியிருந்தா அவர் பிழைச்சிருப்பாரா?"

விசாரணைத் தாளில் இருந்த வரிகள் அவள் நாக்கு நுனிவரை வந்தன. அவள் அவற்றைச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியல" என்றாள். "அன்னைக்கும் தெரியாது. உங்களை அனுப்ப மட்டும் மனசு வரல."

அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். முதலில் சத்தமே இல்லை, தோள்தான் குலுங்கியது. பிறகு உடைந்து அழுதான். அக்கா எழுந்து போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு செத்தன்னைக்குக்கூட இவன் அழல" என்றாள் டீச்சரிடம்.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வெயில் ஏறியிருந்தது. பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று யாரிடமாவது கேட்க வேண்டும். வழியில் ஒருவரும் இல்லை.